மூணு மாசம் பின்னால போய்ப் பாருங்க

வாசகர் கேள்வி – பதில்: முடி உதிர்வு

ஐப்பசி, கார்த்திகை மழையோடு காய்ச்சல் வரும். தை, மாசியில் முடிக் கேள்விகள் வரும். இந்த முறையும் அப்படியே. வந்த கடிதங்களில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கேனுங்க. வயசு 31. போன மாசம்தான் கோயமுத்தூர்ல இருந்து இங்க குடி வந்தோம். அங்க சிறுவாணித் தண்ணி. இங்க போர் தண்ணி, சோப்புப் போட்டா நுரையே வராது. தலைக்கு ஊத்துனா கை நிறைய முடி வருது. வீட்டையே மாத்திரலாமான்னு பேசிட்டிருக்கோம். கார்த்திகையில டெங்கு வந்து அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில இருந்தேன், இப்ப உடம்பு நல்லா இருக்குதுங்க.
– வாசகி, திருப்பூர்

வீட்டை மாற்ற வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரியில்தான் பதில் இருக்கிறது.

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி. ஒவ்வொன்றும் இரண்டிலிருந்து ஆறு வருடம் வளரும், பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சியை நிறுத்தும், அதற்கப்புறம் சுமார் மூன்று மாதம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு உதிரும். சாதாரணமாக நூற்றில் பத்து முடி இப்படி ஓய்வில் இருக்கும். கடும் காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், பட்டினி கிடந்து எடை குறைத்தது, பெரிய துக்கம் – இப்படி ஏதாவது வந்தால் வளர்ந்துகொண்டிருக்கும் முடியில் கணிசமான பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்தாற்போல் கொட்டும். முடி கொட்ட ஆரம்பித்தால் நேற்று மாற்றிய ஷாம்பூவைப் பார்க்காமல் காலண்டரை மூன்று மாதம் பின்னால் புரட்ட வேண்டும். உங்களுக்கு அங்கே டெங்கு இருக்கிறது.

உறுதி செய்துகொள்ள ஒரு வேலை. கொட்டிய முடியில் பத்தை எடுத்து, கறுப்புத் துணி மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் கடுகில் கால்வாசி அளவுக்கு வெள்ளை மொட்டு இருந்தால் அது வேரோடு வந்த ஓய்வு முடி. அது காய்ச்சலின் கணக்கு. இரண்டு முனையிலும் மொட்டு இல்லாமல், நீளமும் ஏறுக்குமாறாக இருந்தால் முடி நடுவில் ஒடிகிறது. உப்புத் தண்ணி செய்யக்கூடியது இந்த இரண்டாவது வேலையைத்தான். சுண்ணாம்புச் சத்து முடியின் மேல் படிந்து சொரசொரப்பாக்கும், சிக்கு விழும், சீப்பில் ஒடியும். மண்டைக்குள் இறங்கி வேரைப் பிடுங்காது. கடைசியாக இரண்டு சொம்பு நல்ல தண்ணி ஊற்றி அலசினால் சொரசொரப்பு குறையும், அவ்வளவுதான்.

அடுத்தது இழுத்துப் பார்க்கும் சோதனை. கட்டை விரலுக்கும் அடுத்த இரண்டு விரலுக்கும் நடுவே சுமார் 50 முடியை மண்டையை ஒட்டிப் பிடித்து, நுனி வரை மெதுவாக உருவுங்கள். உச்சி, இரண்டு பக்கம், பின்மண்டை என்று நாலு இடத்தில். ஒன்றிரண்டு வந்தால் இயல்பு. ஒவ்வொரு இடத்திலும் ஐந்தாறு வந்தால் கொட்டல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாதம் ஒருமுறை இப்படிப் பாருங்கள். குளியலறைச் சல்லடையில் தினமும் எண்ணாதீர்கள். வாரம் இரண்டு முறை தலைக்குக் குளிப்பவருக்கு மூன்று நாள் முடி அன்றைக்குச் சேர்ந்து வரும். நாளைக்கு 50 முதல் 100 வரை இயல்பு என்பதால், ஒரே குளியலில் இருநூறு பார்த்துப் பயப்படுபவர்கள் நிறையப் பேர்.

டெங்குக் கொட்டல் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே நிற்கும். வழுக்கை ஆகாது. மாதம் ஒரு சென்டிமீட்டர்தான் முடி வளரும் என்பதால், பின்னல் பழைய தடிமனுக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். நெற்றியோரம் குட்டி முடிகள் குத்திட்டு நிற்க ஆரம்பித்தால் திரும்பி வருகிறது என்று அர்த்தம். ஆறு மாதம் தாண்டியும் நிற்காவிட்டால் ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மூன்றையும் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். காய்ச்சல் அடிக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். டெங்குவில் அது ஆயிரக்கணக்கில்கூடப் போகும். ஆகவே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது எடுத்த ரிப்போர்ட்டை இதற்குக் கணக்கில் எடுக்காதீர்கள்.

குழந்தை பிறந்து நாலு மாசமாச்சுங்க. குழந்தை முகம் பார்த்துச் சிரிச்சா தாய்க்கு முடி கொட்டும்னு மாமியார் சொல்றாங்க. நெசமா? கொட்டுறது நிக்கறதுக்கு மருந்து தடவலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

மாமியார் கவனித்தது சரி, காரணம்தான் வேறு. குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பது இரண்டு மூன்று மாதத்தில். கர்ப்பத்தில் ஏறியிருந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன், உதிர வேண்டிய முடியைப் பிடித்து வைத்திருக்கும். பிரசவத்தோடு அது இறங்கியதும் மூன்று மாதக் கணக்கு தொடங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால் பழி குழந்தை மேல் விழுகிறது.

மருந்து வேண்டாம். முடி வளரத் தடவும் மினாக்ஸிடில் என்ற மருந்தைப் பால் கொடுக்கும் காலத்தில் தடவுவது நல்லதல்ல. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவத்துக்குப் பிறகு 180 நாளுக்கு இரும்பு, ஃபோலிக் மாத்திரை தருகிறார்கள். மலம் கறுக்கிறது, வயிறு பிடிக்கிறது என்று பாதியில் நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை இவற்றிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி, எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். முடி குழந்தையின் முதல் பிறந்தநாள் வாக்கில் சரியாகிவிடும்.

ஒரு விஷயம் மட்டும் தனி. பிரசவத்தில் ரத்தம் ரொம்பப் போய், பிறகு பால் சுரக்காமல், மாதவிடாயும் திரும்பாமல், அக்குள் முடியும் உதிர்ந்து, எழுந்திருக்கவே முடியாத அசதி இருந்தால் அது சாதாரணக் கொட்டல் அல்ல. மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி பழுதாகியிருக்கலாம். உடனே மருத்துவரிடம் இதை இப்படியே சொல்லுங்கள்.

வயசு 26. ஈரோட்ல ஜவுளிக் கடை. நெத்தி ரெண்டு பக்கமும் ஏறிருச்சு, உச்சியும் தெரியுது. பைக்ல ஹெல்மெட் போட்டுத்தான் இப்படி ஆச்சுன்னு வீட்ல திட்டறாங்க. ஆன்லைன்ல மினாக்ஸிடில் வாங்கி ஆறு வாரம் போட்டேன், இருந்த முடியும் கொட்டிருச்சு, நிறுத்திட்டேன். வைகாசியில பொண்ணு பார்க்கணுங்க. டிரான்ஸ்பிளான்ட் பண்ணிக்கலாமா?
– வாசகர், ஈரோடு

ஹெல்மெட்டைத் திட்ட வேண்டாம், கழற்றவும் வேண்டாம். வியர்வையில் பொடுகு கூடலாம், ஹெல்மெட்டின் உள்துணியைத் துவைத்தால் தீர்ந்தது.

உங்களுடையதற்குக் காலண்டர் உதவாது. பழைய போட்டோதான் உதவும். அஞ்சு வருடத்துக்கு முந்தைய கல்யாணப் படம் ஒன்றில் உங்கள் நெற்றியைப் பாருங்கள், அப்பா, தாய்மாமன்களின் தலையையும் பாருங்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், டி.எச்.டி. என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாறி, அதற்கு இளகிக் கொடுக்கும் மரபுள்ள முடிக்கால்களை (முடி முளைக்கும் குழிகளை) சிறுத்துப் போக வைக்கிறது. தடிமனான முடி போய் மெல்லிய முடி, அப்புறம் பூனைமயிர். பின்மண்டை முடிக்கு அந்த இளக்கம் இல்லாததால் அது கடைசி வரை நிற்கிறது. அம்மா வழி மட்டுமே காரணம் என்பது தவறு, இரண்டு வழியும் உண்டு.

ஆறாவது வாரத்தில் நிறுத்தியதுதான் நடந்த தப்பு. மினாக்ஸிடில் 1970-களில் ரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததால் தலைக்குத் தடவும் மருந்தாக மாறியது, 1988-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது ஓய்வில் இருக்கும் முடியை முடுக்கிவிட்டுப் புது முடிக்கு இடம் பண்ணும். அதனால் இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை கொட்டல் கூடும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் பாட்டிலைத் தூக்கிப் போடுகிறார்கள்.

போடும் முறையிலும் பிழை நடக்கிறது. 5 சதவீத மருந்து, ஒரு வேளைக்கு 1 மில்லி, காலை மாலை இரண்டு வேளை. முடி மேல் ஊற்றக் கூடாது. வகிடு எடுத்து, தோலில் சொட்டுவிட்டு, விரலால் பரப்பி, அடுத்த வகிடு. தலை காய்ந்திருக்க வேண்டும். போட்ட பிறகு நாலு மணி நேரம் நனையக் கூடாது. தலையணையில் படிந்து முகத்தில் ஒட்டினால் கன்னத்தில் முடி வரும், அதனால் இரவு மருந்தைப் படுக்க இரண்டு மணி நேரம் முன்பே போடுங்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்ப்பவர் எண்ணெய்க்கு மேல் இதைப் போட்டால் தோலில் இறங்காது. குளித்துக் காய்ந்த பிறகுதான். 2 மில்லி போட்டால் இரண்டு மடங்கு வளராது, தலைச்சுற்றல்தான் வரும். நெஞ்சு படபடத்தால், கால் வீங்கினால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரிப்பு மட்டும் வந்தால் அது பெரும்பாலும் மருந்தால் அல்ல, அதைக் கரைத்திருக்கும் புரோப்பிலீன் கிளைக்காலால். அது இல்லாத நுரை வகை இருக்கிறது. வீட்டில் பூனை இருந்தால் பாட்டிலையும் தடவிய கையையும் அதனிடமிருந்து தள்ளி வையுங்கள், நக்கினால் பூனை செத்துப்போகக்கூடும்.

பலனை நாலு மாதத்துக்கு முன் பார்க்காதீர்கள், ஆறு மாதத்துக்கு முன் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மாதா மாதம் ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஒரே முடி நீளம், தலையைக் குனிந்து ஒரு படம், நேராக ஒரு படம். கண்ணாடி ஏமாற்றும். நிறுத்தினால் மூன்று நாலு மாதத்தில் வந்தது போய்விடும். இது தொடர்கிற மருந்து, அதை ஒப்புக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஃபினாஸ்டிரைடு 1 மில்லிகிராம் மாத்திரை டி.எச்.டி.யைக் குறைக்கிறது, தடவும் மருந்தைவிட நன்றாகவே உதிர்வைத் தடுக்கிறது. ஆனால் மருந்துக்கடையில் நேராக வாங்கிப் போடும் சரக்கல்ல. நூற்றில் ஓரிருவருக்குப் பாலுணர்வுக் குறைவு வருகிறது, சிலருக்கு மனச்சோர்வு. வந்தால் மறைக்காமல் சொல்லி நிறுத்த வேண்டும். ரத்த தானம் செய்யப் போனால் இந்த மாத்திரையைச் சொல்லுங்கள். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது, ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கும்.

டிரான்ஸ்பிளான்ட் புது முடியை உண்டாக்குவதில்லை. பின்மண்டையில் இருப்பதை முன்னால் நடுகிறார்கள். இருப்பு குறைவு, ஒருமுறை எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. 26 வயதில் உதிர்வை நிறுத்தாமல் முன்னால் நட்டால், நட்டது தீவு மாதிரி நிற்க, பின்னால் மிச்சம் கழன்றுகொண்டே போகும். நட்ட முடியும் இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஒருமுறை உதிர்ந்து, மூன்று நாலு மாதத்தில் முளைத்து, முழுசாகத் தெரிய ஒரு வருடம் ஆகும். இன்றைக்கே போனாலும் வைகாசிக்கு நடக்காது. போவதானால் தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொன்னதை நினைவில் வையுங்கள்: இதைச் செய்ய வேண்டியது அறுவைப் பயிற்சி உள்ள தகுதியான மருத்துவர், ஒரு பட்டறையில் உட்கார்ந்து பார்த்ததோ வீடியோ பார்த்ததோ பயிற்சி ஆகாது. மரத்துப்போக ஊசி போடப்போவது யார், முடிக்காலை எடுப்பதும் துளை போடுவதும் யார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். முன்தலையைச் சின்னதாக வெட்டிக்கொண்டு பொண்ணு பார்க்கப் போவதுதான் இப்போதைக்கு நல்ல யோசனை.

பையனுக்கு 7 வயசுங்க. பின்மண்டையில ஒத்தை ரூபாக் காசு அளவு முடி போயிருச்சு. சலூன்ல புழுவெட்டுன்னாங்க. அம்மிச்சி சின்ன வெங்காயம் தேய்ச்சுட்டிருக்காங்க. பழனியில மொட்டை போட்டாச் சரியாயிருமா?
– வாசகி, தாராபுரம்

புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. ஆனால் இரண்டு வேறு நோய்களுக்கு ஊரில் இந்த ஒரே பெயர். ஒன்றுக்குப் போடும் மருந்து இன்னொன்றைக் கெடுக்கும் என்பதால் முதலில் பிரித்தறிய வேண்டும்.

பையனைத் திண்ணையில் வெயில் படும்படி உட்கார வைத்துப் பாருங்கள். இடம் வழவழவென்று, செதில் இல்லாமல், அரிப்பு இல்லாமல், ஓரத்தில் அடி மெலிந்து நுனி தடித்த குட்டி முடிகள் ஆச்சரியக்குறி மாதிரி நின்றால் அது அலோபீசியா ஏரியேட்டா. உடம்பின் எதிர்ப்புச் சக்தி முடிக்காலைத் தவறாகத் தாக்குவது. ஒட்டாது. ஒன்றிரண்டு வட்டம் மட்டும் இருந்தால் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானே முளைக்கும், வெங்காயத்துக்குப் பெயர் கிடைப்பது இதனால்தான். வெங்காயத்தால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் பூண்டை அரைத்துக் கட்டிவிடாதீர்கள், தோல் வெந்துபோகும். மருத்துவர் இதற்கு ஸ்டீராய்டு களிம்பு தருவார். பெரியவர்களுக்கு நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை அந்த இடத்திலேயே ஊசி. வட்டங்கள் கூடினால், காதோரமாகப் பட்டையாக ஓடினால், புருவம் போனால் காத்திருக்காதீர்கள்.

இடத்தில் வெள்ளைச் செதிலும், மண்டையை ஒட்டி ஒடிந்த கறுப்புப் புள்ளிகளும், அரிப்பும், கழுத்தில் நெறிகட்டியும் இருந்தால் அது படர்தாமரைக் காளான். பள்ளிப் பிள்ளைகளிடம் அதிகம். சீப்பு, தொப்பி, துண்டு வழியாகப் பரவும். வீட்டுக் கட்டுத்தறியில் கன்றுக்குட்டிக்கு முகத்தில் சாம்பல் நிறப் பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள், அதிலிருந்தும் வரும். இதற்குக் களிம்பு போதாது, வேருக்குள் போகாது. எடை பார்த்து மாத்திரை, வாரக் கணக்கில், முளைத்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை. கிரிசியோஃபல்வின் என்ற காளான் மாத்திரையைக் கொடுத்தால் பால், நெய்ச் சோறு மாதிரி கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுங்கள், அப்போதுதான் உடம்பில் சேரும். இங்கே யாராவது ‘புழுவெட்டு மருந்து’ என்று ஸ்டீராய்டு களிம்பு கொடுத்தால் காளான் செழித்துப் பரவும். இடம் கொழகொழவென்று வீங்கிச் சீழ் கட்டினால் கட்டி என்று கீறிவிடாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்குள் தோல் மருத்துவரிடம் போகாவிட்டால் அந்த இடத்தில் நிரந்தரத் தழும்பு விழலாம்.

மொட்டை இரண்டையும் குணமாக்காது. மழித்தால் அடர்த்தியாக வரும் என்பதும் வெட்டிய நுனி கையில் குத்துவதால் வரும் நினைப்பு. நேர்த்திக்கடன் இருந்தால் மருந்து முடிந்த பிறகு, புது பிளேடில்.

வயசு 54. நெத்தி பெருசாயிட்டே போவுதுங்க. புருவமும் பாதி போச்சு. முன்னந்தலையில எரிச்சல். மாதவிடாய் நின்னதால இப்படித்தான்னு சொல்றாங்க.
– வாசகி, பொள்ளாச்சி

இந்த இதழின் கடிதங்களில் அவசரமானது இதுதான். மாதவிடாய் நின்ற பிறகு வரும் சாதாரண மெலிவு வகிட்டை அகலமாக்கும், முன்னோரத்தை அப்படியே விட்டுவிடும். உங்களுக்கு முன்னோரமே பின்வாங்குகிறது, புருவம் போகிறது, எரிகிறது. தழும்பு விழுத்தும் வகை ஒன்று இப்படித்தான் தொடங்கும். அது முடிக்காலையே அழித்துவிடும். அழிந்த இடத்தில் எந்த எண்ணெயும் முளைக்க வைக்காது. இருப்பதைக் காப்பதுதான் சிகிச்சை.

மகளையோ மருமகளையோ செல்போன் டார்ச்சில் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண உதிர்வில் தோலில் முடி வரும் துளைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். இதில் தோல் துளையே இல்லாமல் மெழுகு பூசினாற்போல் இருக்கும், எல்லையில் உள்ள முடியடியைச் சுற்றிச் சிவப்பும் செதிலும். அப்படி இருந்தால் இந்த வாரமே தோல் மருத்துவர். 4 மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னத் தோல் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லலாம். மரத்துப்போக ஊசி, ஒரு தையல், பயப்பட ஒன்றுமில்லை.

புருவம் சரியாக இருந்து, எரிச்சல் இல்லாமல், காதுக்கு முன்னால் மட்டும் முடி குறைந்திருந்தால் அது வருடக்கணக்கில் இழுத்துப் பின்னி, பூ பாரம் ஏற்றியதன் விளைவு. பின்னலைத் தளர்த்தினால் ஆரம்பத்தில் திரும்பும், பத்து வருடம் கழித்துத் திரும்பாது.

கல்லூரி மாணவி, 20. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா தான் மாதவிடாய். தாடையில முடி வருது, வகிடு அகலமாவுது.
– வாசகி, உடுமலை

தலையும் தாடையும் ஒரே காரணம், அநேகமாக பி.சி.ஓ.எஸ். (சினைப்பையில் ஹார்மோன் சமநிலை தவறும் கோளாறு). மகப்பேறு மருத்துவரையும் தோல் மருத்துவரையும் சேர்த்துப் பாருங்கள். தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை, ஆண் ஹார்மோன் அளவு பார்ப்பார்கள். சில மாதத்துக்குள் வேகமாக மீசை முளைத்துக் குரலும் தடித்தால் தள்ளிப்போடவே கூடாது.

அரப்பு நல்லதா, ஷாம்பூவா?
– வாசகர், காங்கயம்

அழுக்கு எடுப்பதில் இரண்டும் ஒன்றுதான், இரண்டும் முடி வளர்க்காது. அரப்பைச் சலித்து நைசாகக் கரையுங்கள், நரநரவென்று இருந்தால் உரசி முடி ஒடியும். பொடுகுள்ளவர்கள் ராத்திரி முழுக்கத் தேங்காய் எண்ணெய் ஊற வைக்க வேண்டாம், பொடுகோடு சேர்ந்த காளானுக்கு எண்ணெய்தான் தீனி. 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூ, வாரம் இரண்டு முறை, நுரையை ஐந்து நிமிஷம் விட்டு அலசுங்கள், நாலு வாரம்.

பயோட்டின் மாத்திரை மூணு மாசமாச் சாப்பிடறேன். எந்த டாக்டர்கிட்டப் போகணும்?
– வாசகி, நாமக்கல்

பயோட்டின் குறைபாடு அபூர்வம், முட்டை சாப்பிடும் நாமக்கல்லில் இன்னும் அபூர்வம். அது முடிக்குச் செய்வதைவிட ரத்தப் பரிசோதனையைக் கெடுப்பதுதான் அதிகம்: தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனினைக் குறைத்துக் காட்டும். ரத்தம் கொடுக்க இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, சாப்பிட்டதையும் சொல்லுங்கள். செலினியம், வைட்டமின் ஏ அதிகமாக உள்ள ‘ஹேர் மாத்திரை’ முடியைக் கொட்டவே வைக்கும்.

போக வேண்டியது தோல் மருத்துவரிடம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், பெருந்துறையிலும், 2022 ஜனவரியில் திறந்த திருப்பூர், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் தோல் பிரிவு உண்டு, காலையில் ஓ.பி. சீட்டு. முதல் நாள் தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய், சாயம், வழுக்கை மறைக்கும் பொடி எதுவும் இல்லாமல் போங்கள். இறுகப் பின்னாமல், பூ வைக்காமல். ஒரு தாளில் கொட்ட ஆரம்பித்த மாதம், அதற்கு மூன்று மாதம் முன் நடந்தது, சாப்பிடும் எல்லா மாத்திரையும் (ரத்த அழுத்தம், வலிப்பு, நாட்டு மருந்து உட்பட, அட்டையோடு), கடைசி மாதவிடாய்த் தேதி. இரண்டு வருடம் முந்தைய போட்டோ ஒன்று செல்போனில். கொட்டிய முடியைக் கவரில் போட்டு எடுத்துப்போக வேண்டியதில்லை, மருத்துவர் பார்க்கப்போவது மண்டையைத்தான்.